விடிய விடிய ஓடணும் பாஸ்!

உலகத்திலேயே பெரிய ரேஸ் எது? மெக்கானிக்கல் பசங்க நாலு பேர் இருக்கிற ஹாஸ்டல் ரூமில் இந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு நீங்கள் போய் நிம்மதியாகத் தூங்கலாம். அவங்க தூங்க மாட்டாங்க! எங்கள் பிளாக்கில் போன செமஸ்டரில் இந்தச் சண்டை மூன்று நாள் ஓடியது. மெஸ் க்யூவில் ஓடியது, காலேஜ் பஸ்ஸில் ஓடியது, லேப் ரெக்கார்டைப் பார்த்துப் பார்த்து எழுதும் புனிதமான நேரத்தில்கூட ஓடியது.

முதல் கோஷ்டி, மொனாக்கோ கோஷ்டி. "1929-ல இருந்து நடக்குது மச்சான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அரண்மனை, நடுவுல ஃபார்முலா ஒன் கார். இதுக்கு மேல என்ன வேணும்?" வாஸ்தவம்தான். 3.337 கிலோமீட்டர் தெருவில் 78 சுற்று ஓட்டுவது லேசான காரியம் இல்லை. ஆனால், 2024-ல் என்ன நடந்தது தெரியுமா? முதல் பத்து இடங்களில் கிளம்பிய பத்து பேரும் அதே வரிசையில், ஆள் மாறாமல் வந்து முடித்தார்கள். ஃபார்முலா ஒன் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. எங்கள் சங்கரன்கோவில் தேரோட்டத்தில்கூட இதைவிட சஸ்பென்ஸ் ஜாஸ்தி சார்! எந்த முக்கில் தேர் திரும்பாமல் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து இண்டியானாபோலிஸ் கோஷ்டி. 1911-ல் ஆரம்பித்தது, 500 மைல், 33 கார், மைதானத்தில் லட்சக்கணக்கில் ஜனம். ஜெயித்தவர் பால் குடிக்கிற சடங்கு வேறு. அந்தச் சடங்கின் ஆரம்பம் மோர் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சமாசாரம். 1936-ல் ஜெயித்த லூயிஸ் மேயர் வெயிலுக்கு இதமாகக் குடித்தது மோர்தான். மோர் குடிச்ச மனுஷனை எப்படி வெறுக்க முடியும்? ஆனாலும், 200 சுற்றும் இடது பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால்... எனக்குச் செக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது. (இதைச் சொன்னதற்கு ஒரு தலையணை என் முகத்தில் விழுந்தது.)

மூன்றாவது ஆள் தனி ஆள். பைக் பைத்தியம். ஐல் ஆஃப் மேன் டி.டி-தான் பெருசு என்றான். 1907-ல் இருந்து நடக்கிற பைக் ரேஸ். 60 கிலோமீட்டர் சுற்று, வீட்டுச் சுவர், கல் வேலி, தபால் பெட்டி எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போகும். இதுவரைக்கும் அந்தச் சாலையில் 260 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். "உயிரைப் பணயம் வெச்சு ஓட்டுறாண்டா. அதைவிடப் பெருசு என்ன இருக்கு?" என்றான். ஓட்டுகிறவர்கள் தைரியசாலிகள், சந்தேகமே இல்லை. ஆனால், சாவைக் கணக்கு வைத்துத்தான் பெருமை என்றால் நம்ம ஊர் நாலு வழிச் சாலைக்கு எந்த ரேஸும் போட்டி போட முடியாது.

என் ஓட்டு லெ மான் 24 மணி நேர ரேஸுக்கு. ஏன் என்று சொல்ல எனக்கு அங்கே சான்ஸ் கிடைக்கவில்லை, இங்கே சொல்கிறேன்.

ஃபிரான்ஸில் லெ மான் என்று ஒரு ஊர். 1923-ல் இருந்து அங்கே இது நடக்கிறது. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நம்ம நேரத்துக்கு வழக்கமாக ராத்திரி ஏழரைக்குக் கிளம்பினால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரைக்குத்தான் கொடி. ஒரு காருக்கு மூன்று டிரைவர்கள், மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். அதில் பெரிய பகுதி மற்ற நாட்களில் லாரியும் காரும் போகிற சாதாரண ரோடு. அந்த ரோட்டில் ஆறு கிலோமீட்டர் நேர்க்கோடு ஒன்று உண்டு. 1988-ல் ஒரு கார் அங்கே மணிக்கு 405 கிலோமீட்டர் தொட்டது. இது ஆகாது என்று 1990-ல் நடுவில் இரண்டு வளைவு போட்டுவிட்டார்கள்.

வேகத்தை விடுங்கள், தூரத்தைப் பாருங்கள். 2010-ல் ஜெயித்த ஆடி கார் ஓடியது 5,410 கிலோமீட்டர். ஒரு ஃபார்முலா ஒன் ரேஸ் சுமார் 305 கிலோமீட்டர்தான். அதாவது, கிட்டத்தட்ட 18 ஃபார்முலா ஒன் ரேஸை ஒரே மூச்சில், ஒரே எஞ்சினில் ஓட்டினால் எப்படியோ, அப்படி! இன்னொன்று, வேகமான காரும் அதைவிட மெதுவான காரும் ஒரே டிராக்கில் ஓடும். ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், முன்னால் தெரிகிற சிவப்பு விளக்கு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டு முந்தவேண்டும். ஹாஸ்டலில் இருந்து இரண்டு மணிக்கு பாத்ரூம் போகிறதுக்கே நமக்கு வழி தெரிவதில்லை.

இது எனக்கு ஏன் பிடித்தது என்பதற்குக் காரணம் ரேஸில் இல்லை, எங்கள் தெருவில் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு சங்கரன்கோவில் என்றால் கோமதி அம்மன், ஆடித் தபசு, அப்புறம் மட்டன் பிரியாணி. உள்ளூர்க்காரனுக்கு அது ஒரு சத்தம். விசைத்தறிச் சத்தம். எங்கள் தெருவில் பகலும் ராத்திரியும் தறி ஓடும். சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் தூக்கம் வராமல் புரளுவார்கள். எங்களுக்கு நேர் எதிர். ராத்திரி கரன்ட் போய் சத்தம் நின்றால்தான் தெருவே முழித்துக்கொள்ளும். குழந்தைகூட அழும்!

அப்பா தறி மெக்கானிக். நாலைந்து செட்டுக்கு அவர்தான் ஆள். ராத்திரி ஒரு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு போவார். சின்ன வயதில் நானும் பின்னாலேயே போவேன். நின்றுபோன தறிக்கு முன்னால் அப்பா உடனே கை வைக்க மாட்டார். கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பக்கத்துத் தறியின் சத்தத்தைக் கேட்பார். அப்புறம் குனிந்து ஏதோ ஒரு போல்ட்டைத் திருகுவார். நாடா மறுபடி பறக்கும். ரேஸில் இதற்குப் பேர் பிட் ஸ்டாப் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் டி.வி-யில் ஃபார்முலா ஒன் ஓடிக்கொண்டிருந்தது. "எப்பா, முந்நூறு கிலோமீட்டர் ஸ்பீடுல போறான் பாருங்க" என்று குதித்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஏல, மோட்டார் புல்லியை மாத்திட்டா எந்தத் தறியும் வேகமா ஓடும். அது என்ன பெரிய காரியம்? விடியுத வரைக்கும் நூல் அறுக்காம ஓடணும். அதுக்குத்தான் ஆளு வேணும்."

இதைவிட லெ மானை விளக்க எனக்கு வேறு வரி கிடைக்கவில்லை.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டொயோட்டா கம்பெனி பல வருஷமாக முட்டி மோதியும் லெ மானில் ஜெயித்ததே இல்லை. அந்த வருஷம் அவர்கள் கார்தான் முதலில். 23 மணி நேரம் 50 நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஓட்டுகிறவர் கசுகி நகஜிமா என்ற ஜப்பான்காரர். திடீரென்று ரேடியோவில், பவர் இல்லை என்று கத்துகிறார். கார் மெதுவாகி, ரேஸ் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது, தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த போர்ஷே ஜெயித்தது. நகஜிமா எப்படியோ காரை உசுப்பி இன்னொரு சுற்று உருட்டிக்கொண்டு வந்து முடித்தார். ஆனால், கடைசிச் சுற்றை ஆறு நிமிஷத்துக்குள் முடிக்கவேண்டும் என்று விதி. அவருக்கு 11 நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரிசல்ட் பட்டியலிலேயே பேர் இல்லை. இரண்டாவது இடம்கூட இல்லை!

பிரித்துப் பார்த்தால், டர்போவில் இருந்து இன்டர்கூலருக்குக் காற்று போகிற குழாயில் ஒரு இணைப்பு விட்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். இன்டர்கூலர் என்றால் என்ன என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "குழா மாட்டுத எடம் விட்டுருச்சா? அப்படித்தாம்ல விடும். பெருசு எதுவும் விடாது. சின்னதுதான் விடும்" என்றார். அதே நகஜிமா 2018-ல் டொயோட்டாவுக்கு ஜெயித்துக் கொடுத்தார் என்றதும், "அப்ப சரி" என்று போனை வைத்துவிட்டார்.

இதைவிட மனசைப் பிசைகிற கதை 1952-ல் இருக்கிறது. பியர் லவே என்ற ஃபிரெஞ்சுக்காரர், கூட ஓட்டவேண்டிய ஆளுக்கு ஸ்டீயரிங்கைக் கொடுக்கவே இல்லை. தனி ஆளாக 22 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார். முன்னிலையும் அவர்தான். முடிய ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்போது எஞ்சின் கைவிட்டது. மூன்று வருஷம் கழித்து 1955-ல் இதே லெ மானில் இவருடைய கார் ஜனங்கள் மேல் பாய்ந்தது. அவரோடு சேர்த்து 80 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மோட்டார் ரேஸ் சரித்திரத்திலேயே மோசமான விபத்து அதுதான். இந்த ரேஸைப் பற்றிப் பெருமை பேசுகிற யாரும் இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது என்பது என் கட்சி.

சரி, நம்ம ஆட்கள்? இருக்கிறார்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர். அந்த வருஷம் அமெரிக்க கிராண்ட் ப்ரீயில் டயர் பிரச்னையால் 14 கார்கள் கிளம்பும் முன்பே ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஓடிய ஆறு காரில் நரேன் நாலாவது. ஐந்து பாயின்ட். "ஆறு பேர்ல நாலாவதா?" என்று எங்கள் ரூமில் ஒருவன் சிரிப்பான். சிரிக்கட்டும். ஃபார்முலா ஒன்னில் இந்திய டிரைவர் யாரும் எடுத்த பாயின்ட் இன்றைக்கு வரைக்கும் அந்த ஐந்துதான்.

அதே நரேன் 2009-ல் லெ மானுக்குப் போனார். ஆடி கார், தகுதிச் சுற்று எல்லாம் முடிந்தது. ரேஸ் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பிட் சுவரில் இருந்து விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. அவர் ஓட்டவில்லை. மூன்று பேர் ஓட்டவேண்டிய காரை மீதி இரண்டு பேரே 24 மணி நேரம் ஓட்டி ஏழாவதாகக் கொண்டுவந்தார்கள். நரேன் பிட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பாரே, அந்த ராத்திரி அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அப்புறம் 2012-ல் சென்னை கருண் சந்தோக் அங்கே ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஒட்டுமொத்தத்தில் ஆறாவது இடம். ஃபார்முலா ஒன்னில் அவருக்கு ஒரு பாயின்ட்கூடக் கிடையாது. ஆனால், இந்த ஆறாவது இடம் இருக்கிறதே!

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்ததும், எண்டூரன்ஸ் ரேஸ் என்றால் என்னவென்று எங்கள் தெரு டீக்கடைக்கே தெரிந்துவிட்டது. பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை பத்து தடவை பார்த்த அண்ணாச்சி ஒருத்தர், "ராத்திரி பூராவா ஓட்டுதாக?" என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். தல புண்ணியத்தில் எனக்கு ஒரு வாரம் மரியாதை.

கோவைக்கு இதில் இன்னொரு பங்கு உண்டு. எஸ்.கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். ரேஸ் கார் என்றால் வெளிநாட்டில் இருந்துதான் வரவேண்டும் என்றிருந்த காலத்தில், மாருதி எஞ்சினை வைத்து இங்கேயே ஃபார்முலா கார் செய்தார். நரேன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதிதான். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கிற டிராக்குக்கு அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே.

அந்த டிராக்கில்தான் எங்கள் காலேஜ் காரும் ஓடியது. மாணவர்களே ஒரு வருஷம் உட்கார்ந்து கார் செய்து கொண்டுபோகிற ஃபார்முலா பாரத் போட்டி. முதலில் ஏகப்பட்ட சோதனை. காரை 60 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள், நாலு டயரும் ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் தாண்டினால் கடைசியில் எண்டூரன்ஸ். சுமார் 22 கிலோமீட்டர். லெ மான்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால், மார்க் ஜாஸ்தி இதற்குத்தான். பாதி தூரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் மாறவேண்டும், மூன்று நிமிஷம்தான் டைம். திரும்ப ஸ்டார்ட் ஆகவேண்டும். கொதிக்கிற எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆவது இருக்கிறதே... அங்கேதான் பாதி டீமுக்குக் கண்ணீர்.

எங்கள் கார் 11 கிலோமீட்டரை அழகாக ஓடியது. டிரைவர் மாறினான். பெல்ட் மாட்டியாகிவிட்டது. செல்ஃப் அடித்தான். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அடித்தான். வெளியில் இருந்து தள்ளக்கூடாது, ஜம்பர் ஒயர் போடக்கூடாது. வீட்டில் நகை வைத்து டீமுக்குப் பணம் கொடுத்தவன் ஒருத்தன் என் பக்கத்தில் நின்றிருந்தான். ஒன்பது பேர் வாயைத் திறக்காமல் ஸ்டார்ட்டர் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். நான் அப்பா மாதிரி சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். பேட்டரி இறங்குவது மட்டும்தான் கேட்டது. கொடியை ஆட்டி, காரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

தள்ளிக்கொண்டு போய் நிழலில் விட்டோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது டிராக்கில் ஒரு சத்தம். வேறு ஏதோ ஒரு காலேஜ் கார். முன்பக்க மூக்கு ஒரு பக்கம் தொங்குகிறது, சைலன்சர் கழன்று தரையில் இழுபடுகிற மாதிரி கர்ணகடூரமான ஓசை, வேகமோ டவுன் பஸ் வேகம். கடைசிச் சுற்று. அந்த டீம் பசங்க கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு "வா, வா" என்று கத்துகிறார்கள். எங்கள் டிரைவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, ஓடிப்போய் அவர்களோடு வேலியில் நின்றான். அப்புறம் நாங்கள். அப்புறம் பக்கத்து ஷெட்காரர்கள். அந்த கார் கோட்டைத் தாண்டிப் பத்தடி போய், புகை விட்டு நின்றது. மொத்தப் பிட்டும் கைதட்டியது. எத்தனையாவது இடம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.