டன்ராபின் மாளிகையும் குன்றின்மேல் நிற்கும் சிலையும்

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரிலிருந்து வடக்கே செல்லும் இரயில், ஒரு சிறிய மர நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டது. சதர்லாந்து பிரபுக்கள் தங்கள் மாளிகைக்கென்றே அமைத்துக்கொண்ட நிலையம் அது!

டன்ராபின் மாளிகையில் 189 அறைகள். இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பாரியே 1845 முதல் இதைப் பிரெஞ்சு அரண்மனையின் சாயலில் விரிவாக்கினார். கூரிய கோபுரங்கள், கீழே கடலை நோக்கி இறங்கும் தோட்டம், நடுவே நீரூற்றுகள். இத்தனை வடக்கே இவ்வளவு பசுமையா என்று வியந்தோம்.

அருகிலுள்ள கோல்ஸ்பி ஊரில் நிமிர்ந்து பார்த்தால், குன்றின் உச்சியில் முதலாம் டியூக்கின் பெரிய சிலை தெரிகிறது. நன்றியுள்ள குடிகள் எழுப்பியதாக அதன் கல்வெட்டு கூறுகிறது. அந்தக் குடிகள் பட்ட பாடு வேறு. 1811 முதல் 1820 வரை, ஆட்டுப் பண்ணைகளுக்காக, ஆயிரக்கணக்கானோர் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1814இல் ஸ்ட்ராத்நேவரில் வீடுகள் எரிந்தன. அதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட பண்ணை அதிகாரி பேட்ரிக் செல்லர் 1816இல் விடுதலையானார். காலியான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் அவரே! இதை அறிந்தபின் அந்தத் தோட்டத்தை முன்போல் இரசிக்க எங்களால் இயலவில்லை.

அதே பாதையில் இன்னும் வடக்கே ஹெல்ம்ஸ்டேல். கில்டோனன் பள்ளத்தாக்கிலிருந்து 1813இல் கனடாவுக்குக் கப்பலேறியோர் பலர். அப்படி ஊரைவிட்டுப் போனவர்களின் நினைவாக 2007இல் அங்கே ஒரு வெண்கலக் குடும்பத்தை நிறுத்தியிருக்கிறார்கள். தகப்பன் கடலை நோக்குகிறான். சிறுவன் தகப்பனைப் பார்க்கிறான். கைக்குழந்தையோடு நிற்கும் தாய் மட்டும் பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.