போதகர் வராத ஞாயிறுகள்

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில், எங்கள் பெற்றோர் காலத்தில், போதகர் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிய காரியம். ஒருவரே பல தோட்டங்களைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் பாதையில் சைக்கிள்கூட நகராது. 1948 ஜூன் 16 அன்று எங்கள் வட்டாரத்திலேயே மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு நிலைமை இன்னும் மோசமானது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, மாலையானால் ஊரடங்கு, வழியெல்லாம் சோதனை. வெளியிலிருந்து ஊழியர் வந்து போவது பெரும்பாடாக இருந்த காலம் அது.

ஆனாலும் ஆராதனை நின்றதில்லை. வாரம் முழுக்கப் பால் வெட்டிய கை ஞாயிற்றுக்கிழமை வேதாகமத்தைத் திறந்தது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த ஒருவர் எழுத்துக் கூட்டி வாசித்து, அந்த வாரம் லயத்தில் நடந்த ஒரு சண்டையையோ சாவையோ தொட்டு நாலு வார்த்தை சொல்வார். அதுதான் பிரசங்கம். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்கு எழுத்தே தெரியாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபிக்க, சாமி கும்பிடும் வீட்டார்கூட அவரைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வாரக் கடைசியில் புருஷனை இழந்தவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பெண்களும் இருந்தார்கள். இவர்களில் யாரும் தமக்கு வரம் இருப்பதாக வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டதில்லை. ஆள் இல்லை, அதனால் செய்தார்கள். செய்யச் செய்ய, இன்னாருக்கு இன்ன வேலை கைவருகிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துபோனது.

ஆவியின் வரங்களைப் பற்றி நான் படித்த புத்தகங்களைவிட அந்தத் தோட்டம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வரம் தேவையின் நடுவே வெளிப்படுகிறது. அது இருப்பவருக்குத் தெரியும் முன்பே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

பவுல் வரங்களைப் பற்றி எழுதிய இடங்களைப் பாருங்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியல், ரோமருக்கு எழுதியதன் 12ஆம் அதிகாரத்தில் வேறொன்று, எபேசியருக்கு எழுதியதன் 4ஆம் அதிகாரத்தில் மற்றொன்று. எதுவும் மற்றதோடு முழுதாக ஒத்துப்போவதில்லை. ஒன்றில் அந்நிய பாஷையும் குணமாக்குதலும் இருக்கின்றன. இன்னொன்றில் அவை இல்லை, பகிர்ந்துகொடுப்பதும் இரக்கம் செய்வதும் இருக்கின்றன. பேதுருவோ பட்டியலே போடாமல், பேசும் வரம், உதவி செய்யும் வரம் என்ற இரண்டே பாகமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். வரங்கள் இத்தனைதான் என்று எண்ணி அடைத்துவிட அவர்களுக்கு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

கொரிந்து நிருபத்தில் 12ஆம் அதிகாரத்துக்கு முன்னால் இருப்பது எது என்று பலர் கவனிப்பதில்லை. 11ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி சாப்பாட்டுச் சண்டை. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வந்து சாப்பிட்டுவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அந்தச் சபையைப் பார்த்துத்தான் பவுல் வரங்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். சரீரத்தில் பலவீனமாகத் தெரியும் உறுப்பே மிகவும் தேவையானது என்கிறார். தோட்டக் குமாஸ்தாவான கிராணியின் வீட்டார் முன்வரிசை நாற்காலியிலும் லயத்து ஜனங்கள் பாயிலும் உட்கார்ந்த ஜெபக்கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வசனங்கள் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்பது எனக்குச் சிறுவயதிலேயே புரிந்தது. ஜெபத்துக்குப் பாட்டியைத்தான் கூப்பிட வேண்டும் என்று கிராணியம்மாவே ஆள் அனுப்பிய நாளில் அந்த நாற்காலிக்கும் பாய்க்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்தது. வரம் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று.

தேவையின் நடுவே வரம் வெளிப்படுகிறது என்பதற்குப் பேராக்கில் பெரிய சாட்சி ஒருவர் உண்டு. ஈப்போவில் வளர்ந்தவர்களுக்குக்கூட அவர் பெயர் ஒரு சாலைப் பெயராக மட்டும் தெரிந்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம். சிபில் கார்த்திகேசு, 1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்தவர். யுரேஷியர், கத்தோலிக்கர், பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். ஈப்போவில் அன்றைய புரூஸ்டர் சாலையில் இருவரும் கிளினிக் நடத்தினார்கள். அந்தச் சாலைக்கு இப்போது சுல்தான் இட்ரிஸ் ஷா என்று பெயர். சிபிலுக்குக் கான்டனீஸ் சரளமாக வரும். ஈயச் சுரங்கத்துச் சீனப் பெண்கள் பிரசவத்துக்கு அவரை நம்பி வந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். பிரசவம் பார்ப்பது, காயத்துக்கு மருந்து போடுவது, நோயாளியின் பாஷையில் பேசுவது: இவற்றில் எதுவும் எந்தச் சபையின் வரப் பட்டியலிலும் முதல் வரிசையில் வராது.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஈப்போவில் குண்டு போட்டன. குடும்பம் பக்கத்திலிருந்த பாப்பான் என்ற சிறிய ஈயச் சுரங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மருந்தகத்துக்கு ஏழைகள் வந்தார்கள். பிறகு இருட்டில் வேறு ஆட்களும் வந்தார்கள். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடிய கெரில்லாக்கள், காயத்தோடு, மலேரியாவோடு. அவர்களுக்கு உதவினால் என்ன ஆகும் என்பது சிபிலுக்குத் தெரியும். கதவைத் திறந்தார். டாக்டர் குண்டை எடுத்தார், சிபில் கட்டுப் போட்டார். வீட்டில் ரேடியோவை ஒளித்து வைத்து பிபிசி செய்தி கேட்டு, அதை ஜனங்களுக்குச் சொன்னார். 1943இல் கணவரும் மனைவியும் பிடிபட்டார்கள். கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸ் செய்த சித்திரவதையில் சிபிலின் முதுகெலும்பு சிதைந்தது. அவர் கண் முன்னே சின்ன மகள் டானை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டுவதாக மிரட்டினார்கள். அவர் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பத்து காஜா சிறையில் கிடந்த அவரை 1945இல்தான் மீட்டார்கள். சிகிச்சைக்குப் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் இறந்து ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்டவரை அடுத்த ஆண்டு ஈப்போவுக்குக் கொண்டுவந்து மறுபடி அடக்கம் செய்தார்கள். அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1954இல் புத்தகமாக வந்தன.

அவர் புத்தகத்தைப் படித்தால் ஜெபம் எவ்வளவு இயல்பாக அவர் நாளோடு கலந்திருந்தது என்பது தெரியும். ஆனால் என் மனதில் நிற்பது அவர் கைத்தொழில். புருஷனை மணந்தபோதும் கிளினிக் நடத்தியபோதும் இருந்த அதே திறமைதான் பாப்பானிலும் இருந்தது. வாசலில் வந்து நின்ற ஆட்கள் மாறினார்கள். அந்தத் திறமை ஊழியமானது. பிறவித் திறமை வேறு, ஆவியின் வரம் வேறு என்று கோடு கிழித்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோடு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. கடவுளிடம் ஒப்புக்கொடுத்து, பிறர் பிழைக்கச் செலவிடும் திறமையை வேறு என்ன சொல்லி அழைப்பது?

எண்பதுகளுக்குப் பிறகு தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ரப்பர் மரம் விழுந்து செம்பனை வந்தது. சில இடங்களில் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகள் எழும்பின. எங்கள் ஜனங்கள் புந்தோங், சிலிபின் என்று ஈப்போவின் விளிம்புகளுக்கு வந்தார்கள். இங்கே ஒவ்வொரு ஞாயிறும் போதகர் உண்டு, கீபோர்டும் ஒலிபெருக்கியும் உண்டு. அதற்காக நன்றி சொல்கிறேன். ஆனால் அதோடு வேறொன்றும் நடந்தது. தோட்டத்தில் வாசித்தவர், ஜெபித்தவர், அரிசி சேர்த்தவர் எல்லாரும் வரிசையாக வந்து உட்கார்ந்து கேட்கிறவர்கள் ஆனார்கள். வரம் என்றால் மேடையில் தெரிவது என்ற எண்ணம் பரவியது. பாடுகிறவர், பிரசங்கிக்கிறவர், தீர்க்கதரிசனம் சொல்கிறவர் வரம் பெற்றவர், மற்றவர்கள் சபையார்.

பெந்தெகொஸ்தே எழுப்புதலைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1920களில் இலங்கையில் தொடங்கி மலாயாவுக்கும் வந்த சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், வெள்ளுடை உடுத்த எளிய மனிதர்களை ஊழியராக்கியது. படிப்பில்லாதவர் வாயிலிருந்தும் ஆவியானவர் பேசுவார் என்று எங்கள் ஜனங்களுக்கு நினைவூட்டியது. 1973இல் சரவாக் மேட்டுநிலத்துப் பாரியோவில் கெலாபிட் இனப் பள்ளி மாணவர்களிடையே மூண்ட எழுப்புதல் இந்த நாடு முழுக்கத் தெரியும். அந்நிய பாஷை பேசி ஜெபிக்கும்போது அழுது மனம் மாறியவர்களை நானே கண்டிருக்கிறேன். என் வேதனை வேறு. பவுல் சொன்ன வரங்களில் ஒன்றிரண்டை மட்டும் உயரத்தில் வைத்துவிட்டு, இரக்கம் செய்கிறவனையும் பகிர்ந்துகொடுக்கிறவனையும் நாம் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில் வரம் கண்டறியும் வினாத்தாள் கொடுத்தார்கள். இந்த வழக்கத்தைப் பரப்பியதில் அமெரிக்கரான பீட்டர் வாக்னருக்குப் பெரிய பங்கு உண்டு. 1979இல் வந்த தம் புத்தகத்தில் அவர் 27 வரங்களைக் கணக்கிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் உங்கள் வரம் தெரிந்துவிடும் என்றார்கள். வாலிபர்களுக்கு அது ஒரு தொடக்கமாக இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தாள் என்னிடம் என்னைப் பற்றித்தான் கேட்கிறது. எனக்கு எது பிடிக்கும், எதில் எனக்குத் திருப்தி என்று. எனக்குப் பின்வரிசையில் இருந்த, பல வருடங்களாகத் துக்க வீடுகளில் முதல் ஆளாகப் போய் அடுப்பு மூட்டும் அக்கா, எல்லாக் கேள்விக்கும் குறைந்த மதிப்பெண்ணே போட்டார். "எனக்கு என்ன தெரியும்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் கேட்டதற்குப் பதிலாக, அவர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த வீடுகளைக் கேட்டிருந்தால் ஒரே கேள்வியில் பதில் வந்திருக்கும்.

இந்திய ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயராக, தோர்ணக்கல்லுக்கென்று 1912இல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்ற, திருநெல்வேலி வெள்ளாளன்விளைக்காரரான அசரியா வேறு வழி வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெறும் ஏழை ஜனங்கள் தம் தலையில் தாமே கை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லும் கடமை தமக்கு உண்டு என்று அறிக்கையிட வேண்டும். வரம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு அவர் வேலை கொடுக்கவில்லை. தண்ணீரில் இறங்கிய அன்றே வேலையைக் கொடுத்தார். வரம் அந்த வேலையில் தெரிந்தது.

ஈப்போவில் வேலைக்குக் குறைவா? ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் எங்கள் ஜனங்கள் எத்தனை பேர் துணைக்கு ஆளில்லாமல் கிடக்கிறார்கள்! வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போக வேண்டியவருக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டும். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், வயதான பிறகும் சிவப்பு அடையாள அட்டையோடு அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற அரசாங்கக் குமாஸ்தா ஒருவர் அப்படிப்பட்டவர்களோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போய், பாரம் நிரப்பி, சத்தியப் பிரமாணம் வாங்கி, பழைய பள்ளிப் பதிவேடு தேடி, கவுண்டரில் பொறுமையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பவுலின் பட்டியலில் ஆளுகை என்று ஒரு வரம் இருக்கிறது. அதன் பொருள் அந்தக் கவுண்டரில்தான் எனக்குப் புரிந்தது. அவர் சபையில் ஒருநாளும் ஒலிபெருக்கியைத் தொட்டதில்லை.

வரம் கிடைத்துவிட்டால் அது தானே எரிந்துகொண்டிருக்கும் என்பதும் இல்லை. தீமோத்தேயு வரம் உள்ளவன் என்று பவுலுக்குத் தெரியும். ஆனாலும் அதை அனல்மூட்டி எழுப்பச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிருபத்தில் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்த பிறகே அதைச் சொல்கிறார். தீமோத்தேயுவின் விசுவாசத்தை முதலில் வளர்த்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். நம் வீடுகளிலும் அப்படி இருந்தவர்கள் பலர் இப்போது தாமான் வீட்டின் பின்னறையில் தனியே இருக்கிறார்கள். ஜெபிக்கத் தெரிந்த அந்த வாய்களை யாரும் கேட்பதில்லை.

ஆகவே போதகர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த வரக் கருத்தரங்கு நடத்துவதற்கு முன், தோட்டத்திலிருந்து வந்த மூத்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அங்கே சபையில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேலையை இங்கேயும் அவர்களிடம் கொடுங்கள். ஒரு வாலிபனையோ பெண்ணையோ அவர்கள் கூடவே அனுப்புங்கள். வாசிக்கிற நீங்களும், யாரிடம் எந்த வரத்தைக் கண்டிருக்கிறீர்களோ அதை அவர் முகத்துக்கு நேராக, இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பலருக்கு அதை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.