கலங்கல் தண்ணீரில் ஒரு பகல்

வெள்ளி, இரவு

அண்ணன் மகள் சாயங்காலம் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். பையில் இரண்டு உடுப்பு, ஒரு ஸ்நார்க்கெலிங் கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழாய். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி இலங்கைக்குப் போய், நிலாவெளிக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் புறாத் தீவைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன கதைதான் இதற்கெல்லாம் காரணம். படகில் கொஞ்ச நேரம். இறங்கினால் மணல். குனிந்து தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் பவளமும் வண்ண மீனும். "இங்கயும் அது மாதிரி ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போங்க சித்தப்பா" என்கிறாள். காடு, கடற்கரை, தண்ணீருக்கடியில் மீன், எல்லாம் ஒரே நாளில் வேண்டுமாம்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். புறாத் தீவு 2003-லிருந்து தேசியப் பூங்கா. நம் பக்கம் அதற்கு நிகர் என்றால் மன்னார் வளைகுடாதான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள், 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாக, அவற்றில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குக் கீழே. மிச்சமுள்ளவற்றில் பெரும்பாலானவற்றில் பொதுமக்கள் காலடி வைக்க அனுமதி இல்லை.

"ஏன் விடமாட்டாங்க?" என்றாள். தாய்லாந்தில் மாயா விரிகுடா என்று ஒன்று இருக்கிறது, ஒரு சினிமா வந்த பிறகு நாளுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி, நங்கூரமும் காலும் பட்டு, பவளம் பெரும்பாலும் செத்தே போய்விட்டது, 2018-ல் மூடி 2022-ல்தான் திறந்தார்கள் என்றேன். மூடியிருந்த காலத்தில் சுறாக்குட்டிகள் திரும்பி வந்ததையும் சொன்னேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கண்ணாடியை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

நாளைக்கு இந்த மரக்காணத்தையே காட்டுவதாக இருக்கிறேன். இங்கே தீவு உண்டு, சரணாலயம் உண்டு, கடற்கரை உண்டு. பவளம் மட்டும் இல்லை.

சனி, விடியல்

இருட்டோடு கிளம்பி வண்டிப்பாளையம் பக்கம் கழுவெளிக் கரைக்குப் போனோம். மாசிப் பனி இன்னும் விடவில்லை. வெளிச்சம் வர வர, வெறும் சாம்பல் நிறமாக இருந்த தண்ணீரில் பறவை தெரிய ஆரம்பித்தது. முதலில் ஊசிவால் வாத்துகள், அப்புறம் கரண்டிவாயன்கள், தூரத்தில் ஒரு நீளக் கோடாகப் பூநாரைகள். அவள் கோட்டைப் பார்த்து "அது மணலா?" என்று கேட்ட நேரம் கோடு நகர்ந்தது.

தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இந்தக் கழுவெளி. 5,151 ஹெக்டேர். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்; 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. சைபீரியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் பறவைகளின் வழித்தடத்தில் இருக்கிறது. சொல்லப்போனால் இது ஒரே தண்ணீர் இல்லை. உள்ளே, ஊர்ப்பக்கத்தில் மழையில் நிறைகிற நன்னீர். கடல் ஓரத்தில் உவர்நீர். நடுவில் உப்புக்கல்லி ஓடை வழியாகக் கடல் ஏறிவரும் பகுதி. மழையில் நன்னீர் கடலை நோக்கித் தள்ளும், வெயிலில் உப்பு உள்ளே ஏறும். அதனால்தான் கோரையும் சம்பும் தின்கிற வாத்தும், உப்புத் தண்ணீரில் கிடக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்கிற பூநாரையும் ஒரே ஏரியில் இரை எடுக்க முடிகிறது. வெண்கண்டல் மரங்கள் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கின்றன. அவற்றை மீட்க யாராவது மனது வைக்க வேண்டும்.

கரையோரத்தில் மார்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. கழுத்தில் பனையோலைப் பறி தொங்குகிறது, இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டே போகின்றன. நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு கை மேலே வந்து பறிக்குள் எதையோ போடுகிறது. கண் எங்கேயோ பார்க்கிறது, பேச்சு எதைப் பற்றியோ நடக்கிறது. அவள் வெகுநேரம் வாயே திறக்கவில்லை.

சனி, முற்பகல்

உப்பளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிற இடம். சாலையோரத்தில் உப்பைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள், அதற்காவது நிற்கிறார்களே.

பாத்தி வரப்பில் நடக்க வேண்டுமென்றால் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடக்க வேண்டும். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருந்தார். தலையில் துணி சுற்றி, கையில் பலகை.

"இந்த மாசந்தான் சார் எடுக்க ஆரம்பிச்சிருக்கோம். ஃபெஞ்சல் அடிச்ச வருசம் வரப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. எது பாத்தி எது ஏரின்னு தெரியல. சேறு அள்ளி மிதிச்சு, திரும்பத் தரை கட்டி முடிக்கவே ரொம்ப நாளாச்சு."

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. உப்பளத்துக்கு ஒரு புயல் என்றால் ஒருநாள் கணக்கு இல்லை. மிதித்து இறுக்கின தரை இருந்தால்தான் தண்ணீர் பூமிக்குள் இறங்காமல் நிற்கும், உப்பில் மண் சேராமல் வெள்ளையாக வரும்.

அக்கா அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். கழியிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கிற தண்ணீரை முதலில் பெரிய பரப்பில் விடுவார்கள். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுத் தண்ணீர் கனக்கும். அடர்த்திக் கணக்கில் கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி என்றால், 25 டிகிரி வந்த பிறகுதான் உப்புப் பூக்கும். அதற்கு முன்பே ஜிப்சம் கீழே படிந்துவிடும். 29, 30-க்கு மேல் போனால் மிஞ்சிய தண்ணீர் கசக்கும், அதை வெளியே விட்டுவிட வேண்டும். டிகிரிமானி இல்லாமலே, கையை முக்கி எடுத்து, விரல் இடுக்கில் பிசுக்குப் பார்த்து அக்கா சொல்லிவிடுகிறார். அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முதல் பாத்தியில் சும்மா தண்ணீர். கடைசிப் பாத்தியில் விரல் எண்ணெய் தொட்டதுபோல் வழுக்கியது.

பெரிய பரப்பில், இன்னும் உப்பாகாத தண்ணீரில், நெடுங்கால் உள்ளான்கள் நடந்துகொண்டிருந்தன. சரணாலய எல்லை எங்கே முடிகிறது என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை. கழுவெளியில் தண்ணீர் ஆழமாக இருக்கும் நாளில் இப்படி நடந்து மேயும் பறவைகளுக்கு உப்பளம்தான் சாப்பாட்டு இடம். உப்பளத்தைத் தரிசு என்று எழுதுகிற எந்தக் கோப்பையும் நான் நம்புவதில்லை.

மழை மாதங்களில் இங்கே வேலை கிடையாது. அந்த நாட்களுக்கென்று மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. வந்தால் உதவிதான் என்றார் அக்கா. வெள்ளைப் பாத்தியில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைக் கெடுப்பதையும், உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடிப்பதையும் அவர் சொல்லவில்லை. காலைப் பார்த்தால் தெரிகிறது.

இந்த வேலை இங்கே எவ்வளவு பழையது என்று அவள் கேட்டாள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நெல்லுக்கு உப்பு மாற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் உள்நாடு போன உமணர்களைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் அவள் படிக்கப் போகிறாள். அவர்கள் ஏற்றிப்போன உப்பில் கொஞ்சம் இந்தத் தரையில் விளைந்ததாகவும் இருக்கலாம்.

சனி, பகல்

கடப்பாக்கம் போய் ஆலம்பரைக் கோட்டைச் சுவர் நிழலில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. ஒருகாலத்தில் நாணயம் அடித்த துறை. 1750-ல் தக்காணத்து சுபேதார் முசாபர் ஜங் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேக்குக் கொடுத்தான். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 2004 சுனாமி இன்னும் கொஞ்சம் தள்ளியது. கோட்டையைப் பற்றி இவ்வளவு போதும். அதன் காலடியில் விரிந்து கிடக்கும் கழிமுகத்துக்குத்தான் நாங்கள் வந்தது.

ஃபைபர் படகுக்கார அண்ணன் எங்களை இடையன்திட்டு முகத்துவாரத்துக்கு எதிரே இருக்கும் மணல்திட்டில் இறக்கிவிட்டார். ஒருபக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கழி. ஆள் இல்லை, நிழல் இல்லை, கடை இல்லை. சின்ன ஆலாக்கள் தலைக்கு மேல் கத்தின. மணலில் எங்கேனும் முட்டை இருக்கலாம் என்று ஈர மணலிலேயே நடக்கச் சொன்னேன். கடல் பக்கம் அலை நெருக்கி நெருக்கி உடைகிறது. முகத்துவாரத்தில் இழுப்பும் உண்டு. அங்கே குளிக்கக் கூடாது. கழி பக்கம், இடுப்பளவில், படகு நிற்கும் இடத்தில் மட்டும்.

அவள் கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்வி, முகத்தை வைத்தாள். நிமிர்ந்தாள். மறுபடி வைத்தாள்.

"ஒண்ணுமே தெரியல சித்தப்பா. பச்சையா இருக்கு. என் கையே தெரியல."

படகுக்கார அண்ணன் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார்: "தெளிவா இருந்தா எங்களுக்கு வேலை இல்ல பாப்பா. தண்ணி தெளிஞ்சா மீனுக்கு வலை தெரிஞ்சிடும். கலங்கல் வந்தாத்தான் நாங்க கடலுக்குப் போவோம்."

எனக்குத் தெரிந்த அளவில் மிச்சத்தை நான் சொன்னேன். பவளத்துக்குப் பிடித்து நிற்கப் பாறை வேண்டும், ஊடுருவும் வெளிச்சம் வேண்டும், மாறாத உப்பு வேண்டும். இந்தக் கரையில் அடி முழுக்க மணலும் சேறும். பாலாறும் தென்பெண்ணையும் மழைக்காலத்தில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. வருடத்தில் பாதிக்கு மேல் தெற்கிலிருந்து வடக்காகவும், வாடைக்காற்று மாதங்களில் வடக்கிலிருந்து தெற்காகவும் கரையோரமாக மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனால் இந்தப் பச்சை அழுக்கு இல்லை. அதில் பாதி உயிர். நுண்பாசி, அதைத் தின்கிற நுண்ணுயிர். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏற்றத்தோடு இந்த வாய் வழியாக உள்ளே வந்து, கழிச் சேற்றில் தின்று வளர்ந்து, மழை வெள்ளத்தோடு திரும்பக் கடலுக்குப் போகும். மடவையும் கொடுவாயும் இப்படித்தான் உள்ளுக்கும் வெளிக்கும் போய்வருகின்றன. காலையில் அந்தப் பெண்கள் கையால் எடுத்தது, இந்த வாய் திறந்திருந்ததால் வந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் படகில் போட்டாள். கழுத்துவரை நனையக் குனிந்து, இரண்டு கையாலும் தரையைத் தடவ ஆரம்பித்தாள். சேற்று நண்டு இருக்குமே என்று எனக்குப் பயம்; அண்ணன், இந்த இடம் வெறும் மணல், பயப்படாதீங்க என்றார். சிப்பி ஒன்று, உடைந்த சங்கு ஒன்று, அப்புறம் திடீரென்று "ஐயோ, ஓடுது!" என்று ஒரு கத்தல். இறாலோ மீன்குஞ்சோ, விரலை உதைத்துவிட்டுப் போய்விட்டது. அரைமணி நேரம் கரையேற மறுத்தாள். புறாத் தீவில் அந்தப் பெண் பார்த்த மீன் எதுவும் அவள் விரலைத் தொட்டிருக்காது என்று நான் எண்ணிக்கொண்டேன், சொல்லவில்லை.

சனி, மாலை

திரும்பும்போது திட்டின் கடல் ஓரத்தில் பங்குனி ஆமை ஒன்று செத்து ஒதுங்கிக் கிடந்தது. தை, மாசி, பங்குனி இவை முட்டையிடக் கரை ஏறும் காலம். மூச்சுவிட மேலே வர வேண்டிய பிராணி. இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். அவள் அழுதாள். நான் தடுக்கவில்லை.

ஞாயிறு

அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். படகில் வரும்போது படகுக்கார அண்ணன் சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. முகத்துவாரத்தின் இரு கரையிலும், தெற்கே அழகன்குப்பத்திலும் வடக்கே ஆலம்பரைக்குப்பத்திலும், மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அண்ணனின் சொந்தக்காரர்களிலேயே வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். புயல் நாளில் படகைக் கட்ட இடம் இல்லாமல் தவிப்பவர்களின் கஷ்டம் உண்மையானது. அதைத் தள்ளிப் பேச எனக்கு உரிமை இல்லை.

ஆனால் நகர்கிற மணலின் குறுக்கே கல்சுவர் நீட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுக அலைதடுப்புச் சுவர் வந்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை மணலே போய், கல்லைக் கொட்டித்தான் சாலையைக் காத்தார்கள். கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று குப்பம் குப்பமாக வீடு கடலுக்குப் போனது. ஒரு இடத்தில் கல் போட்டால் அதற்கு வடக்கே இன்னொரு இடத்தில் கல் போட வேண்டியதாயிற்று. அது இங்கிருந்து பேருந்தில் ஒருமணி நேரத் தூரம்.

படகு கட்டப் பாதுகாப்பான இடம் வேண்டும். அதை இந்த வாயைத் தொடாமல் அமைக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் திட்டு நகர்ந்து, வாய் ஒரு நாள் தெற்கேயும் ஒரு நாள் வடக்கேயும் திறந்துகொள்வதில்தான் கழுவெளியின் உப்புக் கணக்கு நிற்கிறது. இறாலும், பறவையும், பறி கட்டிய பெண்களும், உப்பளத்துக்கு வரும் தண்ணீரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். சுற்றுலாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துறையில் யாருக்காவது தோன்றினால், சேற்றின்மேல் கான்கிரீட் நடைபாதை வேண்டாம். குப்பத்துப் படகுகளுக்கு உரிமம், கழுவெளிக் கரையில் ஒரு கண்காணிப்புக் கோபுரமும் நல்ல தொலைநோக்கியும், ஆமைக்காலத்தில் இழுவலையைத் தடுக்கச் சட்டம் இருப்பதை நடைமுறையில் காட்டும் ரோந்து. இவற்றையே நான் கேட்பேன்.

பேருந்து கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "மே மாசம் வந்தா பூநாரை இருக்குமா?" இருக்காது, ஆனால் அப்போது உப்பு வாருவது உச்சத்தில் இருக்கும், அக்கா விடியற்காலையிலேயே பாத்தியில் நிற்பார், நாமும் அந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்றேன். சரி என்றாள். கண்ணாடி இங்கேயே கிடக்கிறது.