நான் கற்ற கைத்தொழில்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பின் என்ன செய்யப் போகிறீர்கள்? கீரிமலையைச் சேர்ந்த நான் சிகையலங்காரம் கற்றேன். 1990 இல் போரினால் இடம்பெயர்ந்த எம்மவருடன் வீடும் காணியும் வரவில்லை; கைத்தொழிலே கூட வந்தது. அதனை அறிந்த அம்மா, "தலைமயிர் வெட்டும் வேலையா?" என்று அயலவர் முகஞ்சுளித்தபோதும் என்னைத் தடுக்கவில்லை.

இத்தொழிலில் விஞ்ஞானமும் உண்டு. தலைமயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். நனைந்தால் இழுபட்டு எளிதில் அறும். ஆகவே அகன்ற பற்களுள்ள சீப்பினால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். காய்ந்ததும் அது சுருங்கும். எனவே ஈரத்தில் வெட்டும்போது சற்று நீளம் விட்டே வெட்ட வேண்டும். சாயம் பூசுவதற்கு 48 மணித்தியாலங்களுக்கு முன் தோலில் சிறிது தடவிச் சோதித்தல் அவசியம். ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். ஒருவருக்குப் பாவித்த சீப்பைக் கழுவித் தொற்றுநீக்கிய பின்பே மற்றவருக்குப் பாவிக்கலாம்.

பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் பின்னிப் பழகிய விரல்களுக்கு இக்கலை அந்நியமன்று. தேசிய தொழிற்தகைமை முறையில் 7 மட்டங்கள் உள்ளன: 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பரீட்சைப் பெறுபேறு எதுவாயினும் கற்பதை நிறுத்திவிடாதீர்கள். இன்று என் உழைப்பில்தான் தம்பி படிக்கிறான்.