நீட்டுவது கை அல்ல, பந்து

கபடியில் பாடிப் போனவன் பிடிபட்டுவிட்டால் செய்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. நடுக்கோட்டைப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும். மேலே நாலு பேர் கிடந்தாலும் சரி, மூச்சு அறுபடாமல் விரல் நுனி கோட்டைத் தொட்டால் பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட். பதினைந்து வயதுவரை தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்படி ஆடி வளர்ந்தவன் நான். அப்பாவுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்து வந்த பிறகு, பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சேர்ந்தேன். பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் இடம். இப்போது அதே இடத்தில் ஆடும் பையன்களுக்கு வாரக் கடைசியில் பயிற்சி கொடுக்கிறேன். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு புதுப் பையனும் ஒரே கேள்வியோடு வருகிறான்: கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் என்னைப் பிடித்துவிட்டால் பந்தை நீட்டலாமா, கோச்?

ஆட்டம் தெரியாதவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். கோல் கோட்டின் மேல் ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து என் பிடியில் இருக்கும்போது அதன் நுனி அந்தச் சுவரைத் தொட்டாலே டச்டவுன், 6 புள்ளி. ரக்பியில் போலப் பந்தைத் தரையில் வைக்க வேண்டாம். நான் கோட்டைத் தாண்டக்கூட வேண்டாம். ஆசை இங்கேதான் பிறக்கிறது. நீட்டிய பந்து நழுவி, கோட்டுக்கு அப்பால் இருக்கும் 10 யார்டு ஆழமுள்ள என்ட் சோனுக்குள் போய், அங்கிருந்து பக்கவாட்டிலோ பின்னாலோ எல்லையைத் தாண்டிவிட்டால் அது டச்பேக். எதிரணி பந்தை எடுக்கக்கூட வேண்டியதில்லை. அவர்களுடைய 20 யார்டு கோட்டிலிருந்து ஆட்டம் அவர்களுக்குப் போய்விடும். மைதானத்தின் நடுவில் நம் கை நழுவிய பந்து எல்லைக்கு வெளியே உருண்டால் நமக்கேதான் திரும்பி வரும். கோல் கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் வராது. இதைக் கொடுமையான விதி என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மண் எதிரணி காவல் காக்கும் மண். அங்கே போய்ப் பந்தைத் தவறவிட்டவன் பந்தை இழப்பதுதான் முறை.

நானும் இழந்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு, இரண்டாவது டவுன் (முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்). இடுப்பில் ஒருவன், காலில் ஒருவன். கோடு கண்ணெதிரே தெரிந்தது. நான் முடிவெடுக்கவே இல்லை. கபடிக்காரன் கை தானாகப் போனது. யாருடைய முழங்கையோ பந்தில் பட்டது. பந்து மூலையில் நிற்கும் ஆரஞ்சு நிறப் பைலான் மேல் மோதிவிட்டு வெளியே போனது. விசில் ஊதினார்கள். ஓரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: கபடியில் நீட்டிய கை என் உடம்போடு ஒட்டிய கை, அது கழன்று விழாது. இங்கே நான் நீட்டியது பந்தை.

இந்தப் பந்து ஏறத்தாழ 11 அங்குல நீளம், 400 கிராமுக்குப் பக்கத்தில் எடை, இரண்டு முனையும் கூராக இருக்கும். அதை ஏந்த ஐந்து இடத்தில் பிடி வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். முன் நுனியை விரல்கள் கவ்விக்கொள்ள வேண்டும். உள்ளங்கை அடியில் தாங்க வேண்டும். முன்கை பக்கத்தில் அணைக்க வேண்டும். பின் நுனி மேற்கையின் உட்பக்கத்தில் புதைய வேண்டும். மிச்சத்தை நெஞ்சு வாங்கிக்கொள்ளும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் பஸ் ஏறுகிறவர் எப்படிப் பிடித்திருப்பார், அப்படி. கையை நீட்டிய அந்த நொடியில் முன்கை போயிற்று, மேற்கை போயிற்று, நெஞ்சும் போயிற்று. வியர்த்த விரலும் உள்ளங்கையும்தான் மிச்சம். போதாததற்கு, கை நீள நீள அதன் முனையில் விழும் சின்னத் தட்டுக்கும் பலம் கூடுகிறது. சிகாகோ பேர்ஸ் அணியில் ஆடிய சார்ல்ஸ் டில்மன், ஓடுகிறவனைப் பிடிக்கும்போதே பந்தைக் கைமுட்டியால் குத்தி எகிற வைப்பார். அவர் அப்படி நழுவ வைத்தவை 44. அவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்று எதிரில் நிற்கிறது. நெஞ்சோடு அணைத்த பந்தையே குத்துகிறவர்களுக்கு நீட்டிய பந்து தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. 2017 டிசம்பர் 17, ஓக்லாண்டில் ரெய்டர்ஸ் அணி டல்லாஸ் கவ்பாய்ஸிடம் 17-20 என்று பின்தங்கி நின்றது. ஆட்டம் முடிய அரை நிமிடம்தான் இருந்தது. வழக்கமாகப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டெரெக் கார் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப் பைலானைப் பார்த்து நீட்டினார். பந்து நழுவி என்ட் சோன் வழியாக வெளியே போனது. ஆட்டம் அங்கேயே முடிந்தது. அவர் பேசாமல் விழுந்திருந்தால்கூட பந்தை உதைத்து ஒரு ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்திருக்கலாம். 2021 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியோடு ஆடிய பிளேஆஃப் ஆட்டத்தில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் ரஷார்ட் ஹிக்கின்ஸுக்கும் இதே கதி. முதல் பாதி முடியும் நேரத்தில் நீட்டினார், எதிராளி தலைக்கவசத்தோடு வந்து மோதினார், டச்பேக். அந்த மோதலுக்கு ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் வாதாடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் நீட்டாமல் விழுந்திருந்தால் கோட்டருகே முதல் டவுன் கிடைத்திருக்கும். பிரவுன்ஸ் தோற்றது 5 புள்ளியில், 17-22.

இவற்றைவிட என் வயிற்றைக் கலக்கியது 2023 ஜனவரியில் சின்சினாட்டியில் நடந்தது. 17-17 சமன், நான்காவது கால் பகுதி, மூன்றாவது டவுன், ஒரே யார்டு. பால்டிமோர் ரேவன்ஸின் டைலர் ஹன்ட்லி ஆட்களின் குவியலுக்கு மேலே பந்தை நீட்டினார். சின்சினாட்டி அணியின் லோகன் வில்சன் அதைத் தட்டிவிட்டார். பந்து அதே அணியின் சாம் ஹப்பர்டின் கையில் போய் விழுந்தது. அவர் 98 யார்டு ஓடி எதிர்ப்பக்கம் டச்டவுன் போட்டார். 24-17. ஒரு கை நீளத்துக்கு ஆசைப்பட்டு ஒரு மைதானத்தையே கொடுத்தார்கள்.

கை நீட்டினால் கிடைப்பது எவ்வளவு என்று பையன்களை நிற்க வைத்து டேப்பால் அளந்து காட்டுவேன். இரண்டடி, மிஞ்சிப்போனால் இரண்டரை. ஒரு யார்டு என்பது மூன்றடி. முதல் டவுனில் அந்த இரண்டடியை விட்டுக்கொடுத்து விழுந்தால் இன்னும் மூன்று வாய்ப்பு கையில் இருக்கிறது.

அப்படியானால் எப்போதுமே கூடாதா? நான்காவது டவுன் வேறு கணக்கு. கோட்டுக்கு முன்னால் விழுந்தாலும் பந்து எதிரணிக்குத்தான், நழுவவிட்டு டச்பேக் ஆனாலும் எதிரணிக்குத்தான். வித்தியாசம் சுமார் 19 யார்டு. 6 புள்ளிக்காக அதைப் பணயம் வைக்கலாம், நீட்டத்தான் வேண்டும். கடிகாரம் தீர்ந்துபோகும் நேரமும் அப்படித்தான். 2016 கிறிஸ்துமஸ் அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 24-27 என்று பின்தங்கியிருந்தபோது, ஆண்டனியோ பிரவுனைக் கோட்டுக்கு முன்னால் இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். பிடிபட்டபடியே இடது கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். மிச்சம் 9 விநாடி. 2000 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் கடைசி நகர்வில் டென்னசி டைட்டன்ஸின் கெவின் டைசனும் நீட்டினார். செயின்ட் லூயிஸின் மைக் ஜோன்ஸ் காலைப் பிடித்துக்கொண்டதால் கோடு எட்டவில்லை. எட்டாவிட்டாலும் அவர் செய்தது சரி. அவருக்கு அடுத்த டவுன் என்று ஒன்று இல்லை.

ஆக, இது தைரியத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. இப்போது எத்தனையாவது டவுன், எவ்வளவு நேரம் மிச்சம் என்பதுதான் கேள்வி. மேலே ஆள் விழும்போது யாராலும் அதை யோசிக்க முடியாது. பந்து புறப்படுவதற்கு முன்னாலேயே யோசித்து முடித்திருக்க வேண்டும். பயிற்சியில் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்த பந்தைக் கையில் கொடுத்து ஓட விடுவேன். ஓடுவதற்கு முன்னால் “எத்தனாவது டவுன்?” என்று கத்துவேன். பதில் வராமல் ஒருவனும் நகரக் கூடாது.

போன சீசனில் ஒரு சனிக்கிழமை. நாங்கள் 4 புள்ளி பின்தங்கியிருந்தோம். பதினான்கு வயசுப் பையன், நம் ஊர்க் குடும்பம். முதல் டவுனில் இடைவெளி கிடைத்து ஓடினான். கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் பிடித்துவிட்டார்கள். அவன் வலது கை அசைந்ததைப் பார்த்தேன். அசைந்த கை திரும்பி வந்து இடது கையோடு சேர்ந்து பந்தைப் பூட்டியது. குப்புற விழுந்தான். அடுத்த மூன்று டவுனிலும் எங்களால் அந்த ஒரு யார்டைக் கடக்க முடியவில்லை. தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் அவனுடைய அம்மா வேலியோரம் வந்து கேட்டார்: “ஏண்ணா, கையை நீட்டியிருந்தா கிடைச்சிருக்கும்ல?”

“கிடைச்சிருக்கலாம்மா. பந்து போயும் இருக்கலாம்.”

பையன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நீ செய்தது சரி என்று அவனிடம் சொன்னேன். தோற்ற ஆட்டத்தை வைத்து அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். இந்த சீசனிலும் முதல் டவுனில் அதே இடத்தில் பிடிபட்டால், இரண்டு கையாலும் பூட்டிக்கொண்டு விழச் சொல்லித்தான் அவனை அனுப்புவேன்.