மண்ணுக்கென்று ஒரு விதைப்பு

புல் பூண்டு இன்றித் துடைத்து வைத்த நிலமே நல்ல உழவனின் நிலம் என்னும் எண்ணம் நம் சிற்றூர்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. முட்செடி படர்ந்து, கற்சுவர் இடிந்து கிடக்கும் திராட்சைத் தோட்டத்தைக் காட்டி, அதன் உரிமையாளனைச் சோம்பேறி என்று நீதிமொழிகள் நூலும் 24-ஆம் அதிகாரத்தில் இடித்துரைக்கிறது. ஆனால் சோம்பலால் முளைத்த களை வேறு. மண்ணின் நலம் எண்ணி மனிதன் தன் கையால் விதைத்த பசுமை வேறு. இந்த வேறுபாட்டை நான் உணர்ந்தது கம்பம் பள்ளத்தாக்கில், எங்கள் குடும்பத்தின் திராட்சைப் பந்தலின் கீழேதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் எனப் பரந்து கிடக்கும் எங்கள் பகுதிக்குப் பெயர் வாங்கித் தந்தது பன்னீர்த் திராட்சை. 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் திராட்சையைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்று பெரியோர் சொல்லி வருகின்றனர். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குளிர்நாடுகளில் கொடி ஆண்டுக்கு ஒரு முறை காய்த்து, பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். இங்கோ ஒவ்வொருவரும் வெவ்வேறு மாதத்தில் கவாத்துச் செய்வதால் ஆண்டு முழுவதும் பழம் உண்டு. ஒரே கொடியில் இரண்டு ஆண்டுகளில் ஐந்து மகசூல் வரை எடுப்பாரும் உளர். இதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆயினும் கொடிக்குப் பெருமையான இது மண்ணுக்குச் சுமையன்றோ? ஏழாம் ஆண்டில் வயலை விதைக்காமலும், திராட்சைத் தோட்டத்தைக் கிளைநறுக்காமலும் விட்டு, நிலத்திற்கு ஓய்வு கொடுக்குமாறு லேவியர் நூல் கட்டளையிடுகிறது. எங்கள் நிலமோ ஏழு மாதம் கூட ஓய்ந்திருந்ததில்லை.

என் தகப்பனார் பந்தலின் அடியைக் கூட்டிப் பெருக்கிய முற்றம் போல வைத்திருந்தார். முற்காலத்தில் மண்வெட்டியாலும், பிற்காலத்தில் களைக்கொல்லியாலும் ஒரு புல்லைக்கூட நிற்க விடமாட்டார். ஆனால் மருந்தடிப்போரும் பழம் பறிப்போரும் ஓயாமல் நடந்து, வெறுமையான அந்தச் செம்மண் களம் போல் இறுகிவிட்டது. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காது. மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு செந்நீராய் வாய்க்காலில் ஓடும். ஆண்டுக்காண்டு உரச்செலவு ஏறியது. கொடியின் வீரியம் ஏறவில்லை.

தோட்டத்தைக் கவனித்துவரும் என் தம்பி, கவாத்து முடிந்தவுடன் பந்தலின் கீழே சணப்பை விதைக்க வேண்டும் என்றான். தகப்பனார் கொதித்துப் போனார். “பந்தலுக்கு அடியில் காடு வளர்த்து, கொடிக்கு உரிய தண்ணீரைத் திருடக் கொடுப்பதா?” என்றார். அது பொருளற்ற அச்சமன்று. எந்தப் பயிரும் தண்ணீர் குடிக்கும். மேலும், பந்தலின் கீழ் அடர்ந்து வளரும் செடி ஈரக்காற்றைத் தேக்கிவைத்தால், திராட்சையின் கொடிய பகையாகிய அடிச்சாம்பல் நோய்க்கு வழி பிறக்கும். ஒரு மகசூல் போனால் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். அந்த வாரம் இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. இரவு செபமாலைக்கும் தனித்தனி மூலையில் முழந்தாளிட்டார்கள்.

இதற்கிடையில் ஊர்ப் பெரியவர் ஒருவர், திராட்சைத் தோட்டத்தில் வேறு வகை விதையைக் கலந்து விதைப்பதை இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரத்தில் தடை செய்திருக்கிறதே என்று கேட்டுவிட்டார். தகப்பனாரின் பிடிவாதத்திற்கு அது வலுச் சேர்த்தது. நாங்கள் பங்குக் குருவானவரிடம் போனோம். அவர் புன்முறுவலுடன் விளக்கினார்: அந்தச் சட்டத்தை அடுத்தே, மாட்டையும் கழுதையையும் ஒன்றாய்ப் பூட்டலாகாது, ஆட்டுமயிரையும் சணலையும் கலந்து நெய்த ஆடையை உடுத்தலாகாது என்றும் உள்ளது, இசுரயேல் மக்கள் பிற இனத்தாரின்று தனித்து நிற்க வேண்டும் என்பதை நாள்தோறும் நினைவூட்டிய ஒழுங்குகளாக அவற்றைக் கொள்ளலாம். “லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன காய்க்காத அத்திமரம் எங்கே நடப்பட்டிருந்தது என்று பாருங்கள்” என்றார். பார்த்தோம். அது திராட்சைத் தோட்டத்தில்தான் நின்றது!

தகப்பனார் அரை மனத்தோடு பந்தலில் பாதியைக் கொடுத்தார்; மறுபாதி அவர் வழக்கப்படியே இருந்தது. கவாத்துச் செய்த பந்தலில் சில வாரங்கள் வெயில் தாராளமாய் விழும். அந்த இடைவெளியே மூடுபயிருக்கு உரிய காலம். புரட்டாசியில் ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோ கணக்கில் சணப்பையைத் தூவினோம். அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கின்றன. இலைகள் மழைத்துளியின் அடியைத் தாங்குகின்றன. வேர்கள் இறுகிய மண்ணில் வழி திறக்கின்றன. மேலே தளிர்கள் பந்தலை மூடுமுன், ஏறத்தாழ நாற்பதாம் நாளில், பூக்கத் தொடங்கிய செடியை அடியோடு அறுத்து அங்கேயே மூடாக்காகப் பரப்பினோம். ஆழ உழுதால் கொடியின் மேல்வேர்கள் அறுபடும் என்பதால் ஏர் பூட்டவில்லை.

ஐப்பசி மழை வந்தது. ஒரு பாதியிலிருந்து செந்நீர் ஓடியது. மறுபாதியில் நீர் அந்த இடத்திலேயே இறங்கியது, வழிந்த சிறிதளவும் தெளிந்திருந்தது. சில வாரங்கள் சென்று மூடாக்கைப் புரட்டியபோது, பல ஆண்டுகளாய்க் காணாத மண்புழுக்கள் நெளிந்தன. மகசூல் உடனே பெருகிவிடவில்லை, குறையவும் இல்லை. தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கவாத்திற்கு முன்னால், முழுப் பந்தலுக்கும் போதுமான சணப்பை விதையை அவரே வாங்கிவந்து திண்ணையில் இறக்கினார்.

செய்ய விரும்பும் அன்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையாய்க் கொழுத்து, நோய்க்கு இடங்கொடுக்கும். ஆகையால் உரத்தின் அளவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கடுங்கோடையில் தண்ணீர் பற்றாத தோட்டத்தில் உயிர்ப்பயிரை விட, காய்ந்த சருகும் வைக்கோலுமே சிறந்த மூடாக்கு. வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலத்தில் தட்டைப்பயறு அப்புழுவைப் பெருக்கக் கூடும். சணப்பையும் செண்டுமல்லியும் அதனைக் கட்டுப்படுத்த உதவும். எவ்வாறாயினும், முதலில் ஒரு சிறு பகுதியில் செய்து பார்ப்பதே அறிவுடைமை.

சணப்பைச் செடியை அறுக்கும் போதெல்லாம் ஓர் எண்ணம் என்னுள் எழுகிறது. நாம் விதைப்பதெல்லாம் நமக்காக, அறுப்பதெல்லாம் நமக்காக. இந்த ஒரு விதைப்பு மட்டும் மண்ணுக்காக. இதைச் சந்தைக்குக் கொண்டு போவதில்லை. எடைபோட்டு விலை பேசுவதில்லை. எந்த நிலம் ஈன்றதோ அந்த நிலத்திற்கே திரும்பப் படைத்துவிடுகிறோம். நிலம் என்னுடையது, நீங்களோ என்னிடம் தங்கியிருக்கும் அந்நியர் என்ற பொருளில் ஆண்டவர் லேவியர் நூலில் பேசுகிறார். தங்கவந்தவன் வீட்டைச் சீர்குலைத்துவிட்டுப் போகலாமா? நம் பிள்ளைகளுக்குப் பட்டாவும் பத்திரமும் எழுதி வைக்கிறோம். அந்தப் பத்திரத்தில் கண்ட மண் உயிருள்ள மண்ணாய் அவர்கள் கைக்குப் போய்ச் சேருமா என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.