சுவரில் நின்ற சீட்டுகள்

ஒரு பொருளை உபயோகிக்கிறவர்களிடம் சென்று விசாரித்து எழுதிக்கொண்டு வருவது ஒரு தொழில். அப்படிச் சேர்ந்த குறிப்புகளை, சொன்னவர்களின் குரல் மங்காமல் அடுக்கி, பொருள் எப்படி அமையவேண்டும் என்ற தீர்மானம் வரைக்கும் கொண்டுசேர்ப்பது அதனினும் சிரமமான தொழில். இந்த இரண்டாவதை நேரில் காணும் ஆவலோடு, மளிகைக் கடைக்காரர்களுக்காகக் கைப்பேசியில் கணக்கெழுதும் செயலியை உருவாக்கிவரும் தரமணி நிறுவனம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன்.

அறையின் ஒரு சுவர் முழுவதும் மஞ்சள் சீட்டுகள். ஒரு சீட்டுக்கு ஒரே விஷயம், அதுவும் கடைக்காரர் பேசிய பேச்சிலேயே. மூலையில் எந்தக் கடை, எந்த வேளை என்பதற்கான குறி. ‘சாயங்காலக் கூட்டத்துல போனைத் தொடவே முடியாது’ என்றது ஒன்று. ‘பக்கத்துல ஆள் நிக்கும்போது பாக்கியைச் சொன்னா, அந்தம்மா அப்புறம் கடைக்கே வரமாட்டாங்க’ என்றது மற்றொன்று. புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர், “இதையெல்லாம் ‘கடன்’னு ஒரே தலைப்புல போட்டுடலாமா, அக்கா?” என்று கேட்க, குழுத் தலைவி, “தலைப்பு இப்ப வேண்டாம்ப்பா. எது எதுகிட்ட போய் நிக்குதுன்னு முதல்ல பார்ப்போம்” என்றார்.

இந்தப் பொறுமைக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. 1953இல் மனாஸ்லு சிகரத்தை நாடிச் சென்ற ஜப்பானியக் குழுவோடு நேபாளம் போன மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா, குவிந்துபோன களக்குறிப்புகளை ஒழுங்குசெய்யக் கண்ட வழியே கே.ஜே. முறை என்று பெயர்பெற்று, 1967இல் அவர் எழுதிய நூலின் வாயிலாகப் பரவலாயிற்று. மலைக் கிராமத்து ஜனங்கள் தண்ணீரும் தீவனமும் சுமப்பதிலேயே பொழுதெல்லாம் செலவழிப்பதை அவர்களிடமே கேட்டறிந்து, குடிநீர்க் குழாய்களையும் சுமை இறக்கும் கம்பிவடங்களையும் அமைக்க உதவிய அவருக்கு 1984இல் மகசேசே விருது கிடைத்தது. முன்கூட்டியே தலைப்புகளை வகுத்துக்கொண்டு அவற்றுள் சீட்டுகளைத் திணிக்கும் அலுவலகங்கள், எஜமானர் ஏற்கெனவே கொண்டிருந்த அபிப்பிராயத்தைத்தான் திரும்பப் பெறுகின்றன என்பது என் திடமான எண்ணம்.

பிற்பகலில், அந்தம்மாளைப் பற்றிய சீட்டின் அருகே வேறு சில வந்து சேர்ந்தன: பாக்கியைப் பட்டப்பெயரில் எழுதுகிறவர், நோட்டை மடித்து வாங்கியவருக்கு மட்டும் காட்டுகிறவர். அப்போதுதான், ஒற்றைச் சொல்லாக அல்லாமல், ‘பாக்கி இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் இருக்கவேண்டும்’ என்ற முழு வாக்கியமாகத் தலைப்பு எழுதினார்கள். அதன் பலனாக, முகப்பிலேயே பெரிய எழுத்தில் தொகை தோன்றும் ஏற்பாடு கைவிடப்பட்டு, பெயரைத் தொட்டால் மட்டுமே தெரியும்படி வரைபடம் திருத்தப்பட்டது.

எந்தக் கூட்டத்திலும் சேராத சீட்டை வலிந்து சேர்க்கலாகாது என்பதும் கவாகிதாவின் விதி. அவ்வாறு தனித்து நின்ற ஒன்றில், ‘மாசக் கடைசியில கணக்குப் பார்க்கிறது நான் இல்ல, என் மருமக’ என்றிருந்தது. அந்த மருமகளை எவரும் சந்தித்திருக்கவில்லை. முகப்பைத் தவிர மற்றப் பக்கங்களை வரைவதை நிறுத்திவைத்து, வீட்டுக்குள் இருந்து கணக்குப் பார்க்கும் பெண்களைத் தேடி மறுபடியும் கடைத்தெருவுக்குப் போவதென்று குழுவினர் அன்று மாலையே முடிவுசெய்தனர்.